கல்யாணத் தேதியும் விசா தேதியும்

எடிசன், நியூ ஜெர்சி
ஜனவரி 2026

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

நீ அமெரிக்காவில் குடியேற நான் போட்ட பெட்டிஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது கல்யாணம் பண்ணினால் என்ன ஆகும் என்று, நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண் வீட்டில் கேட்பதாகச் சொன்னாய். போனில் நான் ஒன்று சொல்ல, அப்பா ஒன்று சொல்ல, நடுவில் உன் தங்கை புகுந்து இன்னொன்று சொல்ல, உன்னை நன்றாகக் குழப்பிவிட்டோம். எழுதிக் கொடுத்தால் நீயும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம், அவள் அப்பாவிடமும் காட்டலாம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீ கல்யாணம் பண்ணிக்கொள். அந்தப் பெண்ணையே பண்ணிக்கொள். விசா வரட்டும் என்று காத்திருக்காதே. ஒன்றுக்கு மட்டும் பொறுத்துக்கொள்: நான் இங்கே சிட்டிசனாக உறுதிமொழி எடுத்து முடிக்கும்வரை தாலி கட்ட வேண்டாம். அது மாசக் கணக்குதான், வருஷக் கணக்கு இல்லை.

காரணம் இதுதான். 2018-ல் நான் உனக்குப் போட்ட பெட்டிஷன் எஃப்2பி வகை. கிரீன் கார்டு வைத்திருப்பவருடைய, 21 வயது தாண்டிய, கல்யாணமாகாத பிள்ளைக்கு உரியது. கிரீன் கார்டுக்காரரின் கல்யாணமான பிள்ளைக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் இடமே இல்லை. நான் சிட்டிசன் ஆவதற்கு முன்னால் நீ தாலி கட்டினால், அன்றைக்கே அந்த மனு தானாக ரத்து. யாரும் கடிதம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் உன் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் 2018 என்ற அந்தத் தேதியும் அதோடு போய்விடும். அதே கல்யாணம் என் உறுதிமொழிக்குப் பிறகு நடந்தால் கதை வேறு. நான் சிட்டிசன் ஆன அன்று உன் மனு எஃப்1 ஆகும், அது சிட்டிசனின் கல்யாணமாகாத பிள்ளைக்கு உரியது. உனக்குக் கல்யாணமானதும் எஃப்3 ஆகும், அது சிட்டிசனின் கல்யாணமான பிள்ளைக்கு உரியது. தேதி அதே 2018 தேதிதான். அவளும், உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் அந்த ஒரே மனுவில் உன்னோடு வரலாம்.

ஆனால் எஃப்3 வரிசை நீளம். இதை உன்னிடம் மறைக்கக்கூடாது. எந்தத் தேதி மனு வரைக்கும் விசா கொடுக்கிறார்கள் என்று மாசாமாசம் விசா புல்லட்டின் என்ற பட்டியல் வரும். 2025 அக்டோபர் புல்லட்டினில் எஃப்1, எஃப்2பி இரண்டும் 2016-ன் கடைசியில் நின்றன. எஃப்3 2011 செப்டம்பரில் நின்றது. சிட்டிசன்களின் கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 23,400 விசா, கல்யாணமானவர்களுக்கும் 23,400 விசா. உலகம் முழுவதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கல்யாணமானவர்கள் மனைவி, பிள்ளைகளோடு வருவதால் ஒரு குடும்பத்துக்கே நாலைந்து விசா எண் போய்விடும். 1990-ல் எழுதிய சட்டத்தின் எண்கள் இவை. முப்பத்தைந்து வருஷமாக அப்படியே கிடக்கின்றன. யாரும் வேண்டுமென்று நம் கோப்பை ஒதுக்கி வைக்கவில்லை, தம்பி. எண் அவ்வளவுதான், ஆள் அதைவிடப் பல மடங்கு. நான் வேலை பார்க்கும் கடையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரி இருக்கிறாள், அவள் மகனுக்கும் எஃப்3தான். அவர்கள் நாட்டு வரிசை நம்முடையதைவிடவும் பின்னால் நிற்கிறது.

இதைப் படித்ததும் உன் மூளை எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியும். 'இன்னும் கொஞ்ச நாள் கல்யாணமாகாமலே இருந்துவிட்டால் சீக்கிரம் போய்விடலாமே, போன பிறகு கட்டிக்கொள்ளலாமே' என்று கணக்குப் போடுவாய். போடாதே. 2016-க்கும் 2018-க்கும் இரண்டு வருஷம் கூட இல்லையே என்று தோன்றும். புல்லட்டினில் ஒரு வருஷம் நகர நம் காலண்டரில் எத்தனை வருஷம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில மாசம் அசையவே அசையாது. சில சமயம் பின்னாலும் போகும். அதை நம்பி ஒரு பெண்ணை உட்கார வைக்க முடியுமா? அப்படியே நீ தனியாக வந்துவிட்டாலும், பிறகு ஊருக்கு வந்து தாலி கட்டி, நீ அவளுக்கு ஒரு பெட்டிஷன் போட்டு, அவள் தனியாக ஒரு வரிசையில் நிற்க வேண்டும்.

இந்த வரிசை நம் வீட்டுக்கு என்ன செய்தது என்று உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாது, அவளுக்காக எழுதுகிறேன்.

இவன் மாமா 2003-ல் எனக்கு எஃப்4 பெட்டிஷன், அதாவது சிட்டிசன் தன் கூடப்பிறந்தவருக்குப் போடுவது, போட்டபோது என் மகன் இவனுக்கு ஒன்பது வயது. கும்பகோணத்தில் டவுசர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். மனு அப்ரூவ் ஆக இரண்டு வருஷமும் நாலு மாசமும் ஆயிற்று. அப்ரூவ் ஆனதும் கிளம்பிவிடலாம் என்றுதான் ஊரே நினைத்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் 'எப்போ பயணம்?' என்பார்கள். மனுவை ஏற்றுக்கொள்வது வேறு, விசா எண் கிடைப்பது வேறு. எங்கள் எண் 2018-ல்தான் வந்தது. மும்பையில் நேர்காணல். நாலு பேருக்கும் மருத்துவப் பரிசோதனை முடித்து, ஊசி எல்லாம் போட்டுக்கொண்டு போயிருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். இவன் வயது இருபத்து நாலு. 2002-ல் வந்த ஒரு சட்டப்படி, மனு அப்ரூவ் ஆகாமல் கிடந்த காலத்தை வயதில் கழிப்பார்கள். இரண்டு வருஷம் நாலு மாசத்தைக் கழித்தார். இருபத்தொன்று வருஷம், எட்டு மாசம். 21-க்குக் கீழே இருந்தால் குழந்தை, மேலே போனால் இல்லை. எட்டு மாசத்தில் இவன் எங்கள் மனுவிலிருந்து கழன்றுவிட்டான். எங்கள் மூன்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு இவனுடையதை மட்டும் திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதர் மரியாதையாகத்தான் பேசினார்.

மாமா மனுவின் 2003 தேதியையாவது இவனுக்குக் கொடுக்கலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். கிடையாது என்றார். இப்படி வயது தாண்டிய பிள்ளைகளுக்குப் பழைய தேதி ஒட்டாது என்று 2014-லேயே இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். அதனால்தான் இங்கே வந்ததும் புதிதாக ஒரு மனு, புதிதாக ஒரு வரிசை.

இனி உனக்கு, தம்பி.

அன்றிலிருந்து நீ எதையும் முழு மனசோடு தொடங்கவில்லை. சரவணம்பட்டியில் பிளாட் பார்க்கலாம் என்று அப்பா சொன்னால் 'எதுக்குப்பா, போகப்போறவன்தானே' என்பாய். கம்பெனியில் டீம் லீட் வேலை கொடுத்தபோதும் அதேதான். வீட்டில் ஒரு நல்ல பீரோகூட வாங்கவில்லை. உனக்கு முப்பத்திரண்டு வயதாகிறது. உன்னை இங்கே பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று எழுதினால் தாள் நனைந்துவிடும். தங்கை பட்டமளிப்பு விழாவுக்காவது வந்துவிட்டுப் போ என்று விசிட்டர் விசாவுக்குப் போட்டோம். குடியேற மனு போட்டிருப்பவன் திரும்பிப் போவான் என்று எப்படி நம்புவது என்று அதையும் மறுத்துவிட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் சொல்கிறேன்: பிளாட் வாங்கு, வேலையை ஏற்றுக்கொள், குடித்தனம் நடத்து. பெட்டிஷன் அது பாட்டுக்கு ஒரு பக்கம் ஓடட்டும். வந்தால் வருகிறீர்கள், அப்போது மனசு இருந்தால் கிளம்புங்கள். இல்லையென்றால் இல்லை.

என் பக்கம் நடப்பதைக் கேள். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷத்தில் சிட்டிசனுக்குப் போட்டிருக்கலாம். ஆச்சி படுத்த படுக்கையாக இருந்தபோது நான் ஆறு மாசத்துக்கு மேல் ஊரில் தங்கினேன் இல்லையா, அதனால் கணக்கு அறுந்துவிட்டது. 2021-ல் திரும்பி வந்ததிலிருந்து நாலரை வருஷம் காத்திருந்து போடச் சொன்னார் வக்கீல். போன நவம்பரில் போட்டாயிற்று, கைரேகையும் எடுத்துவிட்டார்கள். நேர்காணல் கடிதம் வர வேண்டும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குப் புதுப் பரீட்சை: 128 கேள்வியைப் படிக்க வேண்டும், இருபது வரைக்கும் கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக இருந்தால் பாஸ். முன்பு நூறு கேள்விதான், பத்தில் ஆறு போதும். வயதானவர்கள் தாய்மொழியில் எழுதலாமே என்று நீ கேட்டாய். ஐம்பத்தைந்து வயதானவர்களுக்கு அந்தச் சலுகை, கிரீன் கார்டு வாங்கிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தால்தான். எனக்கு எட்டு வருஷம்கூட முடியவில்லை. தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். உன் தங்கை சொல்லச் சொல்ல, கோடு போட்ட நோட்டில் இங்கிலீஷ் பதிலைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: 'செபரேஷன் ஆஃப் பவர்ஸ்', 'டிக்ளரேஷன் ஆஃப் இண்டிபெண்டன்ஸ்'. கடைக்குப் போகும் பஸ்ஸில் அதைத்தான் புரட்டுகிறேன். அப்பா நடு ராத்திரியில் எழுப்பி, முதல் ஜனாதிபதி யார் என்றாலும் சொல்வேன். பாஸ் பண்ணிவிடுவேன், நீ கவலைப்படாதே. நேர்காணலில் தேறினாலும் வேலை முடிந்ததாக நினைக்காதே. உறுதிமொழி விழா தனி, அன்று கையில் கொடுக்கும் சர்ட்டிஃபிகேட்தான் கணக்கு. அதை நான் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகு முகூர்த்தம் குறியுங்கள்.

நிச்சயதார்த்தம் தையிலேயே வைத்துக்கொள்ளலாம். நிச்சயத்தால் மனுவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பெரியம்மா ஒரு யோசனை சொன்னாளே, 'கோயிலில் தாலி கட்டிவிடட்டும், ரிஜிஸ்டர் மட்டும் அப்புறம் பண்ணிக்கலாம்' என்று, அதை மட்டும் காதில் வாங்காதே. ரிஜிஸ்டர் பண்ணாவிட்டாலும் கல்யாணம் கல்யாணம்தான். நம் தமிழ்நாட்டில் 1967-ல் கொண்டுவந்த திருத்தப்படி, சாட்சிகள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டாலே அது செல்லும். அதை மறைத்து மணமாகாதவன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால், பொய் சொல்லி விசா கேட்டதாக ஆயுள் முழுவதும் கதவை அடைத்துவிடுவார்கள். அவளையும் ஊருக்குத் தெரியாத மனைவியாக வைத்திருக்க நேரும். நம் வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு அது வேண்டாம்.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் பெட்டிஷனும் என்னோடு போய்விடும். உன்னுடையது ஏற்கெனவே அப்ரூவ் ஆனது என்பதால், மனிதாபிமான அடிப்படையில் அதை உயிர்ப்பிக்கச் சொல்லிக் கேட்க வழி உண்டு. கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். அப்போது எனக்குப் பதிலாக உன் தங்கை பண உத்தரவாதப் படிவத்தில் கையெழுத்துப் போடலாம். அவள் சிட்டிசன் ஆனதும் உனக்கு ஒரு எஃப்4-ம் போட்டு வைத்திருக்கிறாள். இந்தியாவுக்கு அந்த வரிசை 2025 அக்டோபரில் 2006-ல்தான் நின்றது. இருக்கட்டும், ஒரு துணைக்கு.

கோயம்புத்தூரில் யாரோ ஏஜென்ட் 'முன்னால் நகர்த்தித் தருகிறேன்' என்று பணம் கேட்டதாகச் சொன்னாய். ஒரு பைசா கொடுக்காதே. பிரயாரிட்டி தேதியை, அதாவது வரிசையில் இடம் பிடித்த அந்தத் தேதியை, வக்கீலாலும் நகர்த்த முடியாது, மந்திரியாலும் முடியாது. நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விசா மையத்தில் கொடுத்த ஈமெயிலை மாற்றாதே. எண் வந்துவிட்டது என்று அவர்கள் எழுதி, ஒரு வருஷம் நாம் பதில் போடாமல் இருந்தால் மனுவையே முடித்துவிடுவார்கள். உன் பிறப்புச் சான்றிதழில் பேர் ஏறியிருக்கிறதா என்று நகராட்சியில் பார்த்துவிடு, அந்தக் காலத்தில் ஆண் குழந்தை என்று மட்டும் எழுதி விட்டிருப்பார்கள். கல்யாணச் சான்றிதழில் உன் பேர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே, அப்பா பேரோடு முழுசாக இருக்கட்டும். இனிஷியல் மட்டும் போட்டால் பின்னால் விளக்கம் கேட்பார்கள்.

அவள் அப்பாவின் நம்பரை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கூப்பிட்டுப் பேசுகிறேன். மாப்பிள்ளை அமெரிக்கா போவாரா என்று கேட்டால், இப்போதைக்குக் கோயம்புத்தூர்தான் என்று சொல்லப்போகிறேன்.

அன்புடன்,
அம்மா