பிட்ஜியாட் திரும்பி வந்தது

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு, கொஞ்ச நாளைக்குக் குனிந்து எந்த வேலையும் செய்ய விடாதே. இங்கே எல்லோரும் நலம். நான் வேலையில் வேறு பிரிவுக்கு மாறிவிட்டேன், மாலையில் சீக்கிரம் வீடு வந்து சேர முடிகிறது. யாழினிக்கு ஒன்பது வயது முடியப்போகிறது. பத்து வயது என்றால் நம் இருவருக்கும் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போகிமான் கார்ட்டூன் தொடரில் வருவது போல, நமக்குப் பத்து முடிந்த அன்று யாராவது ஒரு பேராசிரியர் வந்து, உள்ளே போகிமான் என்ற அதிசயப் பிராணி இருக்கும் மூன்று பந்துகளை நீட்டுவார் என்று காத்திருந்தவர்கள்தானே நாம்.

சரி, உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். வீட்டுச் செய்தியெல்லாம் நிதானமாக எழுதிவிட்டு, அங்கே மட்டும் தாள் கிழிகிற அளவுக்குப் பேனாவை அழுத்தியிருந்தாய். "ஆஷ் இல்லாத போகிமான் எனக்கு வேண்டாம். இருபத்தைந்து வருஷம் கூட வந்தவனை ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். அவன் இடத்தில் யாரோ ஒரு பெண், ஒரு பறக்கும் கப்பல், தொப்பி போட்ட ஒரு பிகாச்சு. எப்படி மனசு வந்தது?" என்று கேட்டிருந்தாய். படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. 2022 டிசம்பரில் தொடரின் நாயகன் ஆஷும் அவன் கூடவே திரியும் அந்த மின்சார எலி பிகாச்சுவும் விலகப்போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்த அன்று நானும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

ஆனால் ஒரு இடத்தில் நீ சொல்வது தவறு. அவனை ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பவில்லை. சாம்பியன் லியோனோடு ஆஷுக்கு நடந்த இறுதிப் போட்டியோடு நீ பார்ப்பதை நிறுத்திவிட்டாய் என்று எனக்குத் தெரியும். அன்று போனில் பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? பிகாச்சுவின் கடைசி மின்னலில் லியோனின் சாரிசார்ட் சாய்ந்ததும் "ஜெயிச்சுட்டான்டா" என்று மட்டும் சொன்னாய். அப்புறம் ரொம்ப நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. அதற்குப் பிறகு, 2023 ஜனவரியிலிருந்து மார்ச் வரை பதினொரு அத்தியாயங்கள் வந்தன. அவனுக்கு விடை கொடுப்பதற்கென்றே எடுத்தவை. பழைய பயணத் தோழர்கள் மிஸ்டி வருகிறாள், ப்ராக் வருகிறான். பிகாச்சுவைத் திருடத் துரத்திக்கொண்டே வந்த டீம் ராக்கெட் மூவருக்கும் உரிய மரியாதை கிடைக்கிறது. நீ அவற்றைப் பார்க்கவே இல்லை.

ஆஷின் பறவைப் போகிமான் பிட்ஜியாட்டை மறந்திருக்க மாட்டாய். முதல் தொடரில், காட்டிலிருக்கும் சின்னப் பறவைகளுக்குக் காவலாக அதை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புவான். திரும்பி வருகிறேன் என்று அதனிடம் சொல்வான். அப்புறம் எத்தனை தொடர், எத்தனை ஊர், எத்தனை போட்டி! அவன் வரவே இல்லை. இருபது வருடங்களுக்கு மேல் அந்த வாக்கு அப்படியே கிடந்தது. நீ ஒவ்வொரு புதுத் தொடர் தொடங்கும்போதும் "இதிலாவது போவானா" என்று கேட்பாய். முரளி, கடைசி அத்தியாயத்தில் பிட்ஜியாட் திரும்பி வருகிறது. அதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை, நீயே பார்க்க வேண்டும். அவனுடைய காலணி தேய்ந்து கிழிந்து போயிருப்பதை மட்டும் கவனி. 1997இல் தொடங்கி ஆயிரத்து இருநூறு அத்தியாயங்களுக்கு மேல் நடந்த கால்கள் அவை.

இனி புதுத் தொடர். 2023 ஏப்ரலில் தொடங்கியபோது நானும் பார்ப்பதாக இல்லை. யாழினிதான் பார்க்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். முதல் பத்து நிமிடம் அதில் என் கவனம் இல்லை. அப்புறம் ஒரு விஷயம் காதில் விழுந்தது. திரையில் யாருமே வாய் திறக்கவில்லை, ஆனால் பேச்சு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். லிகோ என்ற அந்தப் பெண் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தாள். இப்படிச் சொல்லலாமா, சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ, சொல்லாமலே விட்டால் என்ன நினைப்பார்கள் என்று ஒரே யோசனை. சொந்த ஊரை விட்டு வெளியூர்ப் பள்ளியில் வந்து சேர்ந்திருக்கிறாள். முதல் போகிமானாகக் கிடைத்த ஸ்ப்ரிகடிட்டோ என்ற பச்சைப் பூனைக்குட்டி அவள் சொல்வதைக் கேட்பதாக இல்லை. அவளுக்கு அதை அதட்டவும் தெரியவில்லை, கெஞ்சவும் தெரியவில்லை. அதற்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறாள்.

அப்போது யாழினி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்பா, எனக்கும் உள்ளே இப்படித்தான் கேட்கும்" என்றாள்.

உனக்குத் தெரியும், அவள் வகுப்பில் பேச மாட்டாள். ஆசிரியர் கேட்டால் பதில் தெரிந்திருந்தும் எழுந்து நிற்க மாட்டாள். நானும் அவள் அம்மாவும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம், ஏன் பேசவில்லை, என்ன பயம் என்று. ஒரு முறைகூட இவ்வளவு தெளிவாக அவள் பதில் சொன்னதில்லை. நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். அன்றிலிருந்து நானும் தவறாமல் பார்க்கிறேன்.

ஆஷை நினைத்துப் பார். முதல் நாளே தூங்கிப்போய், பேராசிரியர் வீட்டுக்குத் தாமதமாக ஓடுகிறான். பிகாச்சு அவனைப் பார்த்ததும் மின்சாரம் பாய்ச்சுகிறது. அன்று சாயங்காலத்துக்குள் கொட்டுகிற மழையில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, பாய்ந்து வரும் பறவைக் கூட்டத்துக்கு முன்னால் நின்றுவிடுகிறான். அவன் முதலில் செய்வான், பிறகு யோசிப்பான். அவனைப் பார்த்துத்தான் நாமும் மரத்திலிருந்து குதித்தோம், கை ஒடிந்தது, மறுபடி ஏறினோம். லிகோ நேர் எதிர். எல்லாவற்றையும் முதலில் உள்ளே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு அடி எடுத்து வைப்பாள். காட்டில் கிடைத்து அவளோடு சேர்ந்துகொண்ட ஹேட்டென்னா என்ற போகிமானும் அவளைப் போலத்தான், அடுத்தவர் மனசில் எழும் பெரிய உணர்ச்சிகளைக்கூடத் தாங்காத ஜீவன். லிகோ ஏறிப் பயணம் போகும் அந்தப் பறக்கும் கப்பலில் டாட் என்று இன்னொரு பெண் இருக்கிறாள். வேஷம் போட்டுக்கொண்டு வீடியோவில் ஊருக்கே பாடம் சொல்பவள், ஆனால் தன் அறைக் கதவைத் திறந்து நாலு பேர் முன்னால் வர அவளால் முடியவில்லை. அந்தக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதைக் காட்ட இவர்கள் எடுத்துக்கொள்ளும் பொறுமை எனக்கு ரொம்பப் பிடித்தது. கூச்சப்படும் குழந்தைகள் முன்பும் இந்தக் கதைகளில் வந்திருக்கிறார்கள், ஓரமாக. நடுவில் வைத்தது இதுதான் முதல் தடவை.

லிகோவோடு பயணம் போகும் பையன் ராய் பற்றி உனக்கு அதிகம் சொல்ல வேண்டாம், உனக்குப் பிடித்துவிடும். அவன் நம்ம ஆள். கறுப்பு ரேக்வாசா என்ற பறக்கும் நாகத்தைப் பார்த்த நொடியில், ஒரு நாள் இதோடு மோதுவேன் என்று முடிவு செய்துவிட்டான். கையில் இருப்பதோ பாட்டுப் பாடிக்கொண்டு திரியும் ஒரு குட்டி முதலை.

இவ்வளவு சொன்னதால் எல்லாமே நன்றாக இருக்கிறது என்று நான் வாதாட வருகிறேன் என்று நினைக்காதே. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து கிடப்பதில் நியாயம் இருக்கிறது. எனக்கே பெரிய குறை உண்டு. போகிமானின் அடிப்படையே அந்தப் பிராணிகளைப் பிடிப்பதுதானே. இதை உருவாக்கிய சதோஷி தாஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர், அந்தச் சந்தோஷத்திலிருந்துதான் போகிமான் வீடியோ விளையாட்டே பிறந்தது. ஜப்பானில் ஆஷின் பெயரே சதோஷிதான். முதல் தொடரில் ஒரு புழு கையில் வந்து சேர்ந்ததும் அவன் குதித்த குதியை நினைத்துப் பார். அந்தக் கேட்டர்பீ வளர்ந்து பட்டர்ஃப்ரீ ஆகி, துணையைத் தேடிப் பறந்து போனபோது நாம் அழுதோம். புதுத் தொடரில் அந்த மாதிரிப் பிடிப்பது மிகக் குறைவு. கதை பெரியது, லூசியஸ் என்ற பழங்கால வீரன், அவனோடு சுற்றிய ஆறு போகிமான்கள், பாட்டி கொடுத்த பதக்கம், அதற்குள் ஒளிந்திருக்கும் டெராபகோஸ் என்ற ஆமைப் போகிமான் என்று முடிச்சுக்கு மேல் முடிச்சு. அதை அவிழ்க்கும் அவசரத்தில், ஒரு புல்வெளியில் சும்மா உட்கார்ந்து எதிரே வருவதை வேடிக்கை பார்க்கும் அத்தியாயங்கள் குறைந்து போயின. பழைய தொடரில் கதை நகராமல் நின்றது என்று குறைப்பட்டவர்களும் நாம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் புல்வெளி எனக்கு வேண்டும்.

இன்னொன்று, 2025இல் தொடங்கிய பகுதி. கதை திடீரென்று ஒரு வருடம் தாண்டிவிடுகிறது. கப்பலில் இருந்தவர்கள் பிரிந்து, அவர்களை நடத்திச் சென்ற ஃப்ரீட் பக்கத்தில் இல்லாமல், பிள்ளைகள் வளர்ந்து நிற்கிறார்கள். அந்த ஒரு வருடத்தில் லிகோ எப்படி அழுதாள், எப்படித் தேறினாள் என்பதைத்தான் நான் பார்க்க விரும்பினேன். மனசுக்குள் ஓடுவதை அவ்வளவு அருகில் வைத்துக் காட்டியவர்கள், அவள் மனசு உடைந்த நேரத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். யாழினியும் "நடுவில் ஏதோ விட்டுப்போச்சா அப்பா?" என்று கேட்டாள். டீம் ராக்கெட் இல்லாத குறையும் அவ்வப்போது உறைக்கிறது. வில்லன்கள் எல்லோரும் ரொம்ப முறைப்பாக இருக்கிறார்கள். தோற்றாலும் ஒரே தட்டில் சாப்பிடும் அந்த மூன்று பேரின் நட்பு இவர்களிடம் இல்லை.

தொப்பி போட்ட பிகாச்சு பற்றிக் கேட்டாயே. எனக்கும் முதலில் அதுதான் உறுத்தியது. ஆஷை அனுப்பிவிட்டு பிகாச்சுவை மட்டும் வியாபாரத்துக்கு வைத்துக்கொண்டார்கள் என்றே தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. இதற்கும் குரல் கொடுப்பது 1997லிருந்து கொடுத்துவரும் இகுவே ஓதானிதான். கண்ணை மூடிக்கொண்டு கேள், வேறு ஆள் என்று தெரியும். தொப்பி போட்ட இந்தக் கேப்டன் பிகாச்சுவின் குரலில் ஒரு முரட்டுத்தனம், ஒரு கறார். அது யார் தோளிலும் ஏறி உட்கார்ந்து கொஞ்சாது. "பிகா" என்ற இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு ஒருவர் இரண்டு பிறவி எடுத்துக் காட்டுகிறார். ஆஷின் பிகாச்சு ஆஷோடேயே போய்விட்டது, அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

2016 உனக்கு மறந்திருக்காது. கலோஸ் லீக் போட்டியில் ஆஷ் தோற்றதும் நாம் இனிமேல் பார்ப்பதில்லை என்றோம். அதே வருடம் அலோலா தொடர் வந்தபோது, அவன் முகத்தையே மாற்றிவிட்டார்கள், குழந்தைப் படமாகிவிட்டது என்று இன்னும் கத்தினோம். 2019இல் அதே முகத்தோடு அவன் முதல் லீக் கோப்பையைத் தூக்கினான், நீ எனக்கு அழுதுகொண்டே போன் செய்தாய். அப்போது முகம் மாறினாலும் ஆள் அவன்தான். இப்போது ஆளே இல்லை, ஆகவே இந்த வலி அதைவிடப் பெரியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். புதுத் தொடரைப் பிடித்தே ஆக வேண்டும் என்றும் உன்னைக் கேட்க மாட்டேன். ஆனால் அவன் விடைபெற்றதைப் பார்க்காமல் நீ இப்படிக் கோபத்தோடே இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த மாதக் கடைசியில் எனக்கு நான்கு நாள் விடுமுறை இருக்கிறது. யாழினியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்தப் பதினொரு அத்தியாயங்களையும் நீயும் நானும் சேர்ந்து பார்ப்போம். அதுவரை தனியாகப் பார்த்துவிடாதே. உன் பையனையும் உட்கார வை. அவன் கேட்டால், பிட்ஜியாட் யார் என்று நீதான் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
குமரன்