குட்டியின் தாயைப் பார்த்தாயா?

பாளையங்கோட்டை
ஆனித் தேருக்கு மறுநாள்

அன்புள்ள மந்திரம்,

இரண்டு மாதமாக உன் போனை நான் எடுக்கவில்லை. கோபமாக இருப்பாய், இருக்க வேண்டியதுதான். இங்கே எல்லோரும் சுகம். பெரியவனுக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்துவிட்டது. எனக்கு முட்டு வலி மாத்திரையில் ஓடுகிறது. பேட்டைக்காரன் மகள் கல்யாணத்துக்கு நீ வராததை அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை காலியாகவே கிடந்தது, அதில் யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உனக்கே தெரியும்.

நேற்று வாகையடி முக்கில் தேர் திரும்பும்போது உன் தம்பியைப் பார்த்தேன். நீ ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்றுக்கு 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டாய், வருகிற வெள்ளிக்கிழமை ஆம்னி பஸ்ஸில் கோயம்புத்தூருக்கு வந்து சேரும் என்று சந்தோஷமாகச் சொன்னான். அதற்குமேல் எனக்குத் தேரில் மனசு நிற்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் குரல் உடைந்துவிடும். அதனால் எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் பஸ்காரனிடம் பேசு.

சித்திரையில் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். நாய்க்குட்டி வேண்டும் என்று ஒரே பிடி. பை-பாஸ் பக்கம் ஒருவர் லேப்ரடார் குட்டி விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். அவர் எங்களை உள்ளே விடவில்லை. வெளியாட்கள் வந்தால் மற்ற குட்டிகளுக்கு நோய் தொற்றிவிடும் என்றார். கூடையில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து கேட்டிலேயே கொடுத்தார். 45 நாள் ஆச்சு, முதல் ஊசி போட்டாச்சு, இந்தாங்க கார்டு. 12,000 ரூபாய். வரும் வழியிலேயே பேத்தி அதற்குப் பூந்தி என்று பேர் வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பால் குடிக்கவில்லை. அன்று ராத்திரி வாந்தி. விடியும்போது ரத்தமாகவே போனது. அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்வோ என்றார்கள். வைரஸ், அதைக் கொல்ல மருந்து கிடையாது. உடம்பில் தண்ணீர் வற்றாமல் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே இருக்கலாம், மிச்சத்தைக் குட்டிதான் போராடி ஜெயிக்க வேண்டும். டாக்டர் அம்மா வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, இது 45 நாள் குட்டி இல்லை, ஒரு மாதம் இருந்தாலே அதிகம் என்றார்கள். அந்தக் கார்டையும் திருப்பிப் பார்த்தார்கள். ஊசி போட்டால் மருந்துக் குப்பியின் லேபிளைப் பிரித்துக் கார்டில் ஒட்டி, பக்கத்தில் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்கள் கார்டில் நீல மையில் ஒரு தேதி மட்டும் இருந்தது. இந்த நோய் தொற்றிச் சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியுமாம். வந்த மூன்றாம் நாளே படுத்துவிட்டதால், அங்கேயே தொற்றியிருக்க வேண்டும் என்றார்கள்.

மூன்று நாள் அந்த அக்னி நட்சத்திர வெயிலில் ஆட்டோவில் போவதும் வருவதுமாக இருந்தோம். நான்காம் நாள் விடியற்காலை என் மடியில்தான் போனது. பின்னால் முருங்கை மூட்டில் புதைத்தேன். பேத்தி அழவில்லை. "ஊசி போட்டாச்சின்னு அந்த மாமா சொன்னாங்களே தாத்தா" என்று மட்டும் கேட்டாள். நாற்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். இதற்கு வாயே வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்த ஆளிடம் திரும்பப் போனேன். பணத்துக்காகப் போகவில்லை. மற்ற குட்டிகளையாவது பார்க்கச் சொல்லலாம் என்றுதான். அன்றைக்குக் கேட் திறந்து கிடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். கடைசிக் கூண்டில் பூந்தியின் தாய் கிடந்தது. விலா எலும்பை எண்ணலாம். மடி சுருங்கித் தரையில் தொங்கியது. சிமெண்டில் படுத்துப் படுத்து முழங்கையில் முடி போய்க் காய்ப்பு ஏறியிருந்தது. முன்பின் தெரியாத ஆள் வந்து நிற்கிறேன், மந்திரம், அது குரைக்கக்கூட இல்லை. தலையை மட்டும் லேசாகத் திருப்பியது. என்னங்க இப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பருவத்துக்குப் பருவம் சேர்த்தாத்தான் சார் கட்டும், சும்மா சோறு போட முடியுமா" என்றார். குட்டி செத்துவிட்டது என்றேன். அதற்கு அவர், "வேற ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, பாதி விலைக்குத் தாரேன்" என்றார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் ஆகாத பொட்டையைச் சேர்க்கக் கூடாது, ஆயுளுக்கு 5 ஈத்துக்கு மேல் கூடாது, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் கேட்டில் வைத்துக் குட்டியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கும்வரை அந்தக் கூண்டு காலியாகாது. நான் கொடுத்த 12,000 அந்தத் தாயின் அடுத்த ஈத்துக்கு முன்பணமாகத்தான் போயிருக்கும். பூந்தி போனதைவிட இதுதான் என்னை ராத்திரியில் எழுப்புகிறது. நீ அனுப்பிய 5,000 எந்தத் தாயிடம் போயிருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?

உன்னுடைய ராஜபாளையம் ஆசை எனக்குப் புதிது இல்லை. 2005-ல் நாய்த் தபால்தலைகள் நாலு வந்தபோது, ராஜபாளையத்தை மட்டும் தனியாகக் கிழித்துக் கொடு என்று கவுண்டரில் வந்து நின்றவன்தானே நீ. நல்ல நாய்தான், குறையே சொல்லமாட்டேன். ஆனால் பால் வெள்ளை, ரோஸ் மூக்கு என்று நிறத்தையே பார்த்து, நெருங்கிய ரத்தத்திலேயே சேர்த்துச் சேர்த்து, பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் அந்த இனத்தில் நிறையப் பிறக்கின்றன. உனக்கு அனுப்புகிறவர் அதைச் சோதித்தாரா? குட்டி தூங்கும்போது, அது பார்க்காத பக்கமாக நின்று ஒரு தட்டைக் கீழே போட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் கூட்டத்தில் வைத்துப் பார்த்தால் தெரியாது, மற்றவை எழுந்தால் இதுவும் எழுந்துவிடும். தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காது மட்டும் போயிருந்தால் இதில்கூடப் பிடிபடாது. சர்டிபிகேட் தருகிறேன் என்று சொல்லியிருப்பார். அது அப்பன் யார், ஆத்தா யார் என்று சொல்லும். குட்டி ஆரோக்கியமா என்று சொல்லாது.

இன்னொன்று. உன்னை பஸ் டிக்கியில் அட்டைப்பெட்டிக்குள் வைத்து ராத்திரி முழுக்கக் கொண்டுபோனால் நீ எப்படி இறங்குவாய்? அப்படி அனுப்பச் சம்மதிக்கிற ஆளிடமிருந்து எதுவும் வாங்காதே. 5,000 போனால் போகட்டும், உன் வீட்டுக்காரியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சரி, குட்டியே வேண்டாம் என்று உன்னிடம் சொல்ல நான் யார். போன வாரம் கழுகுமலைக்கு மேற்கே கரிசல்காட்டில் ஒரு ஆட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வந்தேன். கன்னி இனத்து நாய் வைத்திருக்கிறார், கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே செம்பொட்டு. எங்கள் வீட்டில் பார்வோ வந்தது என்று போனதுமே சொல்லிவிட்டேன். செருப்பை ரோட்டிலேயே விடச் சொன்னார், குட்டிகளைத் தொட விடவில்லை. ஆனால் நான் கேட்பதற்கு முன்பே தாயை விசில் அடித்துக் கூப்பிட்டார். வரப்பில் அது ஓடி வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும், மந்திரம்! வந்து அவர் தொடையில் உரசிக்கொண்டு நின்று என்னைப் பார்த்துக் குரைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த ஈத்துக் குட்டிகளுக்கெல்லாம் ஆள் சொல்லியாகிவிட்டது. ஆவணியில் மறுபடி பருவத்துக்கு வருமாம், அதை விட்டுவிடுவாராம். "அதுக்கும் உடம்பு தேற வேண்டாமா அண்ணாச்சி" என்றார். மாசியில்தான் சேர்ப்பார். சித்திரையில் குட்டி, கைக்கு வர அடுத்த ஆனித் தேர் ஆகிவிடும். எனக்கு இப்போது எடுக்க முடியாது. எங்கள் முற்றத்து மண்ணில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம், பினாயிலுக்குச் சாகாது, உன் மயினி வாரம் தவறாமல் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவுகிறாள். அதனால் உன் பேரைச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ ஒரு தடவை நேரில் வந்து தாயைப் பார்க்க வேண்டும். கோவில்பட்டியில் இறங்கு, நான் வந்து நிற்கிறேன்.

விலை என்ன என்று கேட்டேன். "காசு கெடக்கட்டும், ஓடுத நாயி இது. கட்டிப் போட்டா கெட்டுப் போயிரும். அவுக வீட்ல வெள்ளனே எந்திரிச்சி ஓட விடுததுக்கு ஆள் யாரு?" என்று கேட்டார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். யார், மந்திரம்?

உன்,
சங்கரன்