சம்பளமில்லாத பதவி என்றால் சரியாகிவிடுமா?

ஆசிரியருக்கு,

பென்சில்வேனியா செனட் வேட்பாளர் ஜோ செஸ்டாக்கைப் போட்டியிலிருந்து விலக வைக்க அவருக்குப் பதவி காட்டிய விவகாரத்தில் தவறேதும் நடக்கவில்லை என்று வெள்ளை மாளிகை வழக்கறிஞர் ராபர்ட் பாயர் மே 28, 2010 அன்று தந்த விளக்கத்தை உங்கள் நாளிதழில் படித்தேன். வெள்ளை மாளிகையின் அப்போதைய தலைமை அலுவலர் ராம் இமானுவேல் சொல்லி முன்னாள் அதிபர் பில் கிளிண்டன் செஸ்டாக்கிடம் பேசினார், பேசியதும் சம்பளமில்லாத ஆலோசனைக் குழுப் பதவி பற்றித்தான், அதனால் குற்றமில்லை என்கிறார்கள். சம்பளமா இங்கே கேள்வி? வெள்ளை மாளிகை ஆதரித்த செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டருக்கு எதிராக நின்றவரை விலக வைக்கப் பார்த்தார்களே, அதுதான் கேள்வி. அப்புறம், தன் மேல் வந்த புகாரைத் தானே விசாரித்துத் தானே தீர்ப்பும் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நான் பிலடெல்பியா புறநகரில் இருப்பவன், ஜனநாயகக் கட்சி வாக்காளனாகப் பதிவு செய்தவன். இங்கே அப்படிப் பதிந்தவர்கள் மட்டுமே அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தலில் ஓட்டுப் போட முடியும். மே 18 அன்று என் வாக்குச்சாவடியில் செஸ்டாக், ஸ்பெக்டர் இரண்டு பேரும் இருந்ததால்தான் எனக்குத் தேர்ந்தெடுக்க ஏதோ இருந்தது, செஸ்டாக் ஜெயிக்கவும் செய்தார். அதேபோல் கொலராடோவில் செனட் உட்தேர்தலில் நின்ற ஆண்ட்ரூ ரோமனாஃபுக்கு வெள்ளை மாளிகையின் அப்போதைய துணைத் தலைமை அலுவலர் ஜிம் மெசினா மூன்று வேலைகளின் விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பியது 2010 ஜூனில் வெளியே தெரிந்ததென்றால், அது எழுத்தில் இருந்ததால்தான். ஆகவே, களத்தில் இருக்கும் வேட்பாளரிடம் அரசுப் பதவி பற்றி யார் பேசினாலும் அதை எழுத்தில் பதிந்து, ஒரு வாரத்துக்குள் வெளியிட வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் கொண்டுவரட்டும்.

— ஒரு வாசகர், பிலடெல்பியா