ஒரு விநாடி

அன்புள்ள மூர்த்தி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அண்ணாச்சி ஸ்டூடியோவில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

என்னை எழுதவைத்தது மாமாவின் பழைய ஃபிலிம் கேமரா, லைக்கா எம்3. ஃபிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டர் ஒரு விநாடி வேகத்தில் பாதியில் சிக்கி நிற்குமே, நினைவிருக்கிறதா? உள்ளே கிரீஸ் இறுகிக் கிடந்திருக்கிறது. மெக்கானிக் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்தார். நேற்று இரவு காதருகே வைத்து அழுத்தினேன். பற்சக்கரங்கள் 'கிர்ர்' என்று ஓடி மெல்ல அடங்கின. பாட்டரிக்கு இடமே இல்லாத பெட்டி, மூர்த்தி! இத்தனை வருடம் கழித்தும் ஒரு விநாடியை எண்ணிக் கொடுக்கிறது.

'காலத்தோடு போகவேண்டாமா?' என்று ஆரம்பித்துவிடுவாய். போகட்டுமே! வெளிச்சத்தை அளந்து சொல்லும் லைட் மீட்டரை நான் என்றைக்கு எதிர்த்தேன்? 1971-இல் லைக்காவின் எம்5 மீட்டரோடு வந்தது. உடல் பெருத்துவிட்டது என்று பலர் ஒதுக்கினார்கள். 1984-இல் எம்6 அதே வசதியைப் பழைய உடலுக்குள் அடக்கியது. பாட்டரி தீர்ந்தால் மீட்டர் மட்டும் அணையும், ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும். எனக்குச் சம்மதமான உதவி அதுதான். 2002-இல் வந்த எம்7-இலோ ஷட்டரின் நேரமே எலக்ட்ரானிக்ஸ் கையில். பாட்டரி போனால் 1/60, 1/125 விநாடி என்ற இரண்டு வேகங்கள்தான் மிச்சம். விளக்கு மங்கிய கல்யாண மண்டபத்தில் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? ஐம்பது வருடம் கழித்து சர்க்யூட் செத்தால், எந்த மெக்கானிக் எண்ணெய் விட்டு அதை எழுப்புவார்?

2025-இல் எம் ஈவி1 வந்திருக்கிறது. ஃபோகஸ் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டரையே எடுத்துவிட்டு, குட்டித் திரையில் படம் காட்டும் எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் வைத்திருக்கிறார்கள். நடுக்கட்டத்தில் இரண்டு முகங்கள் நகர்ந்து வந்து ஒன்றாகுமே, மாமா நமக்கு முதலில் காட்டித் தந்தது, அது அதில் இல்லை. படித்ததும் கோபம்தான் வந்தது.

பிறகு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வலது கண்ணில் புரை, கட்டத்துக்குள் எல்லாமே கலங்கலாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் அன்று சரியாகப் படிக்கவில்லை, மன்னித்துவிடு. கண் மங்கியவனுக்குத் திரையில் படம் பெரிதாகித் தெரிந்தால், அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அப்படி ஒரு கேமரா தனியாக இருக்கட்டும். எம்3 போன்றதையும் செய்வதை நிறுத்திவிடக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது.

ஆபரேஷன் தேதியை உடனே எழுது. துணைக்கு நான் வருகிறேன். கட்டுப் பிரித்ததும் நடுக்கட்டத்தில் என் முகம் ஒன்றாகிறதா என்று நீயே பார்த்துச் சொல். ஃபிலிம் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராமு