வால்வுக் கோளாறு உள்ள பிள்ளைக்குப் புற்றுநோயும் வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் ஒரே புரதம் காரணம் என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த செய்தியை என் மாமியார் சத்தமாகப் படித்துவிட்டு, "அப்போ நம்ம பையனுக்கு அதுவும் வருமா?" என்று அழுதுவிட்டார். என் மகனுக்கு அந்தப் புரதத்தில்தான் கோளாறு.

அதன் பெயர் எஸ்.எச்.பி.2. செல்லுக்கு 'வளர்' என்று வரும் கட்டளையை உள்ளே கடத்துவது அதன் வேலை. கட்டளை வராத நேரத்தில் தன் ஒரு பகுதியாலேயே தன் வாயை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கும். மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே அந்த அடைப்பு தளர்ந்து, கூப்பிடாமலே வேலை செய்யத் தொடங்கிவிடும். கருவில் இதயம் உருவாகும்போது இப்படி ஆனால், நுரையீரலுக்கு ரத்தம் போகும் வால்வு தடித்துக் குறுகலாம். என் மகனுக்கு பெங்களூருவில் பலூன் வைத்துப் பார்த்தார்கள். தடித்த வால்வு, சரியாக விரியவில்லை, அப்புறம் ஆபரேஷன். இப்போது மாந்தோப்பில் அவனைப் பிடிக்க முடியவில்லை.

இது நூனன் சிண்ட்ரோம். ஜாக்குலின் நூனன் என்ற அமெரிக்கக் குழந்தை இதய மருத்துவர், இந்த வால்வுக் கோளாறுள்ள பிள்ளைகள் பலர் ஒரே சாயலில் இருப்பதை 1960களில் கவனித்தார். குள்ளம், விலகிய கண்கள், தொங்கும் இமை, அகன்ற கழுத்து. இந்தப் புரதத்தின் மரபணுவில் வரும் மாற்றம் இதற்குக் காரணம் என்று 2001-ல் தெரிந்தது. நூனன் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதுவே காரணம்.

சரி, புற்றுநோய்? சிறு குழந்தைகளுக்கு வரும் அரிய ரத்தப் புற்றுநோய் ஒன்றில் இதே மரபணு மாறியிருப்பதை 2003-ல் கண்டார்கள். ஆனால் அங்கே மாற்றம் பெரும்பாலும் பிறவியில் வருவதல்ல, ரத்த செல்களில் மட்டும் நேர்வது; புரதத்தை இன்னும் வேகமாக முடுக்கிவிடும் வகை. நூனன் பிள்ளைகளில் சிலருக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போது அதே மாதிரி ரத்தக் கோளாறு வருவதுண்டு. பலருக்குத் தானே அடங்கிவிடும். மற்ற பிள்ளைகளைவிட ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான், மறைக்கவில்லை. ஆனால் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. செய்தியில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் என் மாமியார் அன்று சாப்பிட்டிருப்பார்.

எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. வால்வைச் சரிசெய்த இடத்தில் நோயின் பெயரைக்கூட எங்களிடம் சொல்லவில்லை. லேசாக இடித்தாலே கன்றிப்போவதும் இதில் சேர்ந்ததுதான் என்பது, பல் பிடுங்கி ரத்தம் நிற்காமல் போன பிறகே தெரிந்தது. நாளை அவன் பிள்ளைகளுக்கும் இது போக பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதை வேறொரு மருத்துவர் சொன்னார். மேலே சொன்ன அடையாளங்களை ஒரு படத்தோடு வெளியிடுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டி, மரபணுப் பரிசோதனை தேவையா என்று பெற்றோர் கேட்கட்டும்.

பெயர் வேண்டாம்,
போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.