உம்கேனிக் கரையில் எங்கள் இரண்டு குடும்பங்கள்

பீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டுக்கொள். ஹாஸ்டலில் காய்ச்சல் மாத்திரையை ஜன்னல் வழியே வீசிய ஆள் நீ, அதனால்தான் சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

பேத்தி அப்படி என்னதான் எழுதுகிறாள் என்று கேட்டிருந்தாய். எங்கள் குடும்பக் கதைதான். ஆனால் எங்களுடையது மட்டுமில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் குவாமாஷுவில் இருக்கும் ஒரு ஜூலு குடும்பத்தின் கதையும் அதில் வருகிறது. அந்த வீட்டுப் பெரியவளை நாங்கள் எல்லோரும் கோகோ என்றுதான் கூப்பிடுவோம், பாட்டி என்கிற மாதிரி. எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தாலும் நானும் கோகோ என்றே கூப்பிடுகிறேன், அவள் என்னைத் திட்டுகிறாள்.

எங்கள் பக்கத்துக் கதை உனக்குத் தெரிந்ததுதான். கொள்ளுத்தாத்தா உன் பாலாற்றங்கரையிலிருந்து கப்பலேறி வந்தவர். மவுண்ட் எட்ஜ்கோம்பில் ஒப்பந்தக் கூலியாக ஐந்து வருஷம் கரும்பு வெட்டினார். ஒப்பந்தம் முடிந்தால் திரும்பிப் போகும் கப்பல் சத்தத்துக்குப் பதிலாக நிலம் வாங்கிக்கொள்ளலாம் என்று 1891 வரை சட்டத்தில் இடம் இருந்தது. அப்படி நிலம் கிடைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. இவருக்குக் கிடைக்கவில்லை. உம்கேனி ஆறு கடலை நெருங்கும் இடத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளியில், ஒரு வெள்ளைக்காரரிடம் துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துக் கத்தரியும் கீரையும் போட்டார். தகரக் குடிசைகளாக எழும்பியதால் அந்த இடத்துக்கு டின் டவுன் என்றே பெயர் வந்துவிட்டது.

1917 அக்டோபரில் ஆறு கரை புரண்டது. நூற்றுக்கணக்கான நம் ஜனங்கள் ஒரே இரவில் போய்விட்டார்கள். படவட்டன் குழுவினர் ஆறு பேர் படகை வெள்ளத்தில் இறக்கி 176 பேரைக் கரை சேர்த்ததை இன்றைக்கும் டர்பனில் சொல்வார்கள். எங்கள் பாட்டி அந்தப் படகில் ஏறவில்லை. இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த என் அப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு மேட்டுப்பக்கம் ஓடினாள். அங்கே ஒரு ஜூலு வீட்டில் கதவைத் திறந்தார்கள். நெருப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, வேகவைத்த மடும்பி கொடுத்தார்கள். அது நம் சேப்பங்கிழங்கு மாதிரிதான், இங்கே இரண்டு வீட்டுச் சட்டியிலும் வேகும். கதவைத் திறந்தவள் கோகோவின் பாட்டி. எங்கள் வீட்டில் கதை இத்துடன் முடிந்துவிடும். சொல்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார், கேட்கிறவர் காபி குடிக்கப் போவார்.

பேத்தி போன மாதம் குவாமாஷுவுக்குப் போய் கோகோவிடம் உட்கார்ந்து கேட்டாள். நானும் கூடப் போனேன். கோகோ மடியில் தட்டை வைத்துக்கொண்டு வெந்த மடும்பியின் தோலைக் கட்டைவிரலால் வழித்தெடுத்தபடியே பேசினாள். போனில் பதிவாகிறது என்ற நினைப்பே இல்லை. அவள் சொன்ன கதை வெள்ளத்துக்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. அந்தச் சமவெளி அவர்கள் மாடு மேய்த்த இடம். மழைக்காலத்தில் ஆறு ஏறி இறங்கும், அதனால்தான் அவர்கள் மேட்டில் வீடு கட்டினார்கள். ஒருநாள் வெள்ளைக்காரன் வேலி போட்டான். அப்புறம் வேலிக்குள் எங்கள் இந்திய ஆட்கள் கீரை போட்டார்கள். "எங்களை யாரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை" என்றாள். கோபமே இல்லாமல், பருவமழையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

எனக்கு அது தைத்தது, மாப்பிள்ளை. நாம் அடிமைப்பட்டு வந்தவர்கள் என்ற கதையைத்தான் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தேன். அது பொய்யில்லை. ஆனால் அடிமைப்பட்டு வந்தவனும் இன்னொருத்தன் மேய்ச்சல் நிலத்தில்தான் பாத்தி கட்டினான் என்பதும் நிஜம். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத்தான் பேத்தி படாதபாடு படுகிறாள். பத்துப் பக்கம் எழுதினால் எட்டைக் கிழிக்கிறாள்.

அப்புறம் நடந்ததில் இரண்டு குடும்பத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. இனவாரியாக ஊரைப் பிரித்த சட்டம் வந்தது. 1958லிருந்து கேட்டோ மேனரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த கறுப்பர்களை லாரியில் ஏற்றிக் குவாமாஷுவில் இறக்கினார்கள். கோகோவின் வீடும் அதில் போனது. அவள் தாய்மாமன் வகையறா உம்கேனியின் மேல்பக்கம் இனாண்டா பள்ளத்தாக்கில் இருந்தார்கள். அங்கே 1980களில் அணை கட்டியபோது அவர்களையும் கிளப்பினார்கள். எங்களை 1976 வெள்ளம் டின் டவுனிலிருந்து துடைத்தெறிந்தது. புதிதாகக் கட்டிய பீனிக்ஸில் கொண்டுவந்து போட்டார்கள். பார்த்தால் குவாமாஷு பக்கத்திலேயே! ஆற்றங்கரையில் பக்கத்து வீடு, இங்கே பக்கத்து ஊர், நடுவில் ஒரு சாலை.

ரொம்ப இனிப்பாக நினைத்துவிடாதே. 1949 ஜனவரியில் டர்பனில் ஜூலுக்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் இதே பீனிக்ஸில் இங்கே இருப்பவர்கள் சிலர் தெருவுக்குத் தெரு தடுப்புப் போட்டு, 30 பேருக்கு மேல் கொன்றுவிட்டார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். அந்த வாரம் கோகோ போன் செய்து, "உன் தெருவில் யார் துப்பாக்கியோடு நிற்கிறார்கள்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த பையன்கள்தான் நின்றார்கள். பெயர்களைச் சொன்னேன். அவள் எதுவும் பேசாமல் போனை வைத்தாள். இதையும் எழுத வேண்டும் என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். மருமகளுக்குப் பிடிக்கவில்லை.

சரி, ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன். மலையில் ஒரு சதுப்பில் பிறந்து, ஹாவிக்கில் அருவியாக விழுந்து, சுமார் 230 கிலோமீட்டர் ஓடி வருகிற ஆறு இது. நடுவில் மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகிள், இனாண்டா என்று நான்கு அணை. டர்பனும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஊரின் சாக்கடை டூசி ஆறு வழியாக இதில் வந்து சேர்கிறது. வருஷா வருஷம் அங்கிருந்து டர்பன்வரை படகுப் போட்டி நடக்கும், துடுப்புப் போடுகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்குவது வழக்கமாகிவிட்டது. 2019 ஆகஸ்டில் ஒரு தொழிற்சாலையிலிருந்து எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து மீனெல்லாம் செத்து மிதந்தன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மாகாணத்தில் 430 பேருக்கு மேல் போனார்கள். கழிவுநீர் நிலையங்களும் உடைந்தன. அசுத்தம் அப்படியே ஆற்றிலும் கடலிலும் இறங்கியது, கடற்கரைகளை மாதக்கணக்கில் மூடிவைத்தார்கள். கழிமுகத்தில் ஆகாயத்தாமரை பாய் விரித்தாற்போல் கிடக்கிறது, அதற்குள் பிளாஸ்டிக்.

அந்தத் தண்ணீர்க் கரைக்கு யார் வருகிறார்கள் தெரியுமா? நம் ஆட்கள் அஸ்தி கரைக்க வருகிறார்கள். ஜூலு சபைக்காரர்கள் வெள்ளை அங்கியோடு ஞானஸ்நானத்துக்கு வருகிறார்கள். எங்கள் மாரியம்மன் பூஜைக்குக் கரகத்துக்கு ஆற்றில்தான் தண்ணீர் மொள்வோம். போன தடவை பூசாரி குழாய்த் தண்ணீரைக் கேனில் பிடித்துவந்தார். ஆற்றங்கரையில் நின்று கேனைத் திறந்து குடத்தில் ஊற்றினார். தவில்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் அடியைத் தவறவிட்டான்.

இப்போது கோகோவின் பேரனும் என் பேத்தியும் சேர்ந்து ஆற்றுக்காக ஒரு மனு தயாரிக்கிறார்கள். மாசில்லாத சூழல் எல்லோருக்கும் உரிமை என்று எங்கள் அரசமைப்பின் 24ஆம் பிரிவு சொல்கிறது. அதை வைத்துக் கேட்கலாம் என்று எண்ணம். உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் கழிவால் பாலாறு கெட்டதற்காக உச்ச நீதிமன்றம் வரை போய், கெடுத்தவனே நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்று 1996இல் தீர்ப்பு வாங்கினீர்களே, அந்தக் காகிதங்கள் யாரிடமாவது இருக்கிறதா? தீர்ப்பு எங்களுக்கே கிடைத்துவிடும். கிணறு கெட்ட விவசாயிகள் என்னென்ன ஆதாரம் காட்டினார்கள், தண்ணீரை யார் சோதித்துக் கொடுத்தார்கள், பணம் உண்மையிலேயே கைக்கு வந்ததா, இதெல்லாம்தான் வேண்டும். வழக்குக்கு அலைந்த உன் சித்தப்பா மகனைக் கேட்டுப் பார். அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான் என்பாய், பரவாயில்லை, பேசட்டும். பேத்தி போன் போடுவாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தட்டும், மெதுவாகப் பேசச் சொல்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
டர்பன்காரன்