அமெரிக்கப் படை: கெடுவும் சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கப் படைபலம் என்றாலே நம் பத்திரிகைகளில் ஒரே மாதிரி அட்டவணைதான் வருகிறது. விமானந்தாங்கிக் கப்பல் இத்தனை, டாங்கி இத்தனை, பட்ஜெட் இவ்வளவு. பக்கத்தில் 1775-ல் கிளம்பி இன்றுவரை ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு. தங்கள் ஞாயிறு இதழில் வந்ததும் அதே அச்சுதான். அட்டவணையைப் பற்றிப் புகார் இல்லை. கோடு தவறு. நூற்றைம்பது வருஷம் அந்தத் தரைப்படை போர் வந்தால் ஊதும், போர் முடிந்தால் கலையும். ஒவ்வொரு தடவையும் அதன் காலை வாரிவிட்டவை இரண்டு சில்லறை விஷயங்கள்: சேர்ந்த ஆள் எந்தத் தேதிவரை இருப்பான், வந்து இறங்கிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது. ஒன்று கெடு, மற்றது பெட்டிமேல் ஒட்டும் சீட்டு.

முதலில் கெடு. பிரிட்டனை எதிர்த்துச் சுதந்திரப் போர் தொடங்கிய சமயம், 1775 ஜூன் 14-ல் காங்கிரஸ் சபை எடுக்கச் சொன்னது 10 கம்பெனி ரைபிள்காரர்களை. பென்சில்வேனியாவிலிருந்து 6, மேரிலாந்திலிருந்து 2, வர்ஜீனியாவிலிருந்து 2. கம்பெனிக்கு ஒரு கேப்டன், 3 லெப்டினன்ட், 4 சார்ஜென்ட், 4 கார்ப்பரல், முரசடிக்கவோ எக்காளம் ஊதவோ ஒருவர், 68 சிப்பாய்கள். ஒப்பந்தம் ஒரே வருஷம். பாஸ்டனைச் சுற்றி ஏற்கெனவே நின்றிருந்த நியூ இங்கிலாந்து ஆட்களில் பெரும்பாலோருக்கு அந்த டிசம்பரோடு சரி. கனடாவில் பிரிட்டிஷார் கையில் இருந்த கியூபெக் நகரத்தை 1775 டிசம்பர் 31 விடியற்காலையில், கொட்டும் பனிப்புயலில் ஏன் போய்த் தாக்கினார்கள் என்று கேட்பவர்கள் காலண்டரைப் பார்த்தால் போதும். மறுநாள் விடிந்தால் பலர் மூட்டை கட்டிவிடுவார்கள். தளபதி மான்ட்கோமரி அங்கேயே செத்தார், இன்னொரு தளபதி ஆர்னால்டுக்குக் காலில் குண்டு, நானூறு பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். அடுத்த டிசம்பரிலும் அதே கதை. டிரென்டனில் ஜெயித்த கையோடு வாஷிங்டன் ஆட்களை வரிசையில் நிறுத்தி, இன்னும் ஆறு வாரம் இருந்தால் ஆளுக்கு 10 டாலர் என்று பேரம் பேச வேண்டியிருந்தது.

சுதந்திரம் வந்ததும் முதல் வேலையாகப் படையைக் கலைத்தார்கள். 1784 ஜூன் 2-ன் தீர்மானப்படி மிச்சம் வைத்தது 80 பேர். ஃபோர்ட் பிட்டில் 25, வெஸ்ட் பாயின்ட்டில் 55, கிடங்குக் காவலுக்கு. கேப்டனுக்கு மேல் அதிகாரி கிடையாது. காரணம் கஞ்சத்தனம் மட்டும் இல்லை. பாஸ்டன் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் நின்றதைப் பார்த்த ஜனங்களுக்கு நிரந்தரப் படை என்றாலே அடிவயிற்றில் கலக்கம். அரசியல் சாசனத்திலேயே அந்தப் பயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: தரைப்படைக்கு ஒதுக்கும் பணம் இரண்டு வருஷத்துக்கு மேல் செல்லாது. கடற்படைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கப்பல் வந்து வீட்டுக் கதவைத் தட்டாது அல்லவா.

படைக்குப் பதிலாக நம்பியது மிலிஷியா என்கிற ஊர்ப்படையை. 1792 சட்டம் படிக்க வேடிக்கையாக இருக்கும். 18 முதல் 45 வயதுக்குள் உடல் வலுவுள்ள ஒவ்வொரு வெள்ளைக்கார ஆணும் ஆறு மாதத்துக்குள் தன் கைக்காசில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியவை: நல்ல மஸ்கெட் துப்பாக்கி ஒன்று, அதன் முனையில் மாட்டும் கத்தி, இடைவார், கூடுதலாக 2 சக்கிமுக்கிக் கல், முதுகுப்பை, 24 தோட்டாவுக்குக் குறையாமல் கொள்ளும் பெட்டி. ரைபிள் வைத்திருப்பவன் என்றால் 20 குண்டு, கால் ராத்தல் மருந்து. ஐந்து வருஷம் கழித்து எல்லா மஸ்கெட்டும் ராத்தலுக்கு 18 நிறுக்கும் குண்டு போகும் வாய் உடையதாக இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அந்த ஐந்து வருஷச் சலுகையிலேயே கோளாறு தெரிகிறது. ஒரே வரிசையில் நிற்கும் பத்துப் பேர் கையில் பத்து அளவு குழல். ஒருவன் பெட்டியில் தோட்டா தீர்ந்தால் பக்கத்தில் நிற்பவனிடம் வாங்கிப் போட முடியாது. வாங்காமல் சும்மா இருந்தவனுக்கு மத்திய அரசு தண்டனை எதுவும் வைக்கவில்லை.

பிரிட்டனோடு மறுபடி போர் வந்தபோது, 1812 அக்டோபர் 13-ல் கனடா எல்லையில் குயின்ஸ்டன் ஹைட்ஸில் ஊர்ப்படையின் இன்னொரு ஓட்டை தெரிந்தது. ஆற்றின் அக்கரையில் தங்கள் ஆட்களே அடிவாங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நியூயார்க் ஊர்ப்படையில் பெரும்பகுதி படகேற மறுத்தது. எங்களை நாட்டைக் காக்கத்தான் கூப்பிடலாம், எல்லை தாண்டக் கூப்பிட முடியாது என்றார்கள். சட்டத்தைப் படித்தால் அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது.

இந்தக் காலத்தில் உருப்படியாக வளர்ந்தவை அரசு ஆயுதச் சாலைகள், ஸ்பிரிங்ஃபீல்டும் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியும். உதிரிபாகங்களை மாற்றி மாட்டும் முறைக்குப் பாடப்புத்தகங்கள் ஈலை விட்னிக்கு மாலை போடுகின்றன. அவர் 1798-ல் இரண்டு வருஷத்தில் 10,000 மஸ்கெட் தருவதாக ஒப்பந்தம் போட்டு, முடிக்கப் பத்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். அந்தத் துப்பாக்கிகளின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. 1820-களில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் ஜான் ஹால்தான் ஒவ்வொரு பாகத்துக்கும் அளவுக் கருவி வைத்துச் செய்து, ரைபிள்களைப் பிரித்துக் கலந்து மறுபடி பூட்டலாம் என்று பரிசோதனைக் குழுவிடம் நிரூபித்தார். பெயர் விட்னிக்கு, வேலை ஹாலுக்கு.

கெடுவின் தொல்லை தீரவில்லை. 1847 மே மாதம், மெக்சிகோ நகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஜெனரல் ஸ்காட்டிடமிருந்து ஏழு ரெஜிமென்ட் தொண்டர்கள் ஹலாப்பாவில் விடைபெற்றுக்கொண்டார்கள். 12 மாதம் முடிகிறது, மஞ்சள் காய்ச்சல் பருவத்துக்கு முன் வேராக்ரூஸில் கப்பலேற வேண்டும் என்பது அவர்கள் வாதம். புதிய ஆள் வரும்வரை ஸ்காட் புவெப்லாவில் ஆகஸ்ட்வரை உட்கார்ந்திருந்தார். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ல் நிலைப்படை மொத்தமே 16,000 பேர் அளவில்தான். லிங்கன் கூப்பிட்ட 75,000 பேருக்கும் மூன்று மாதம்தான் கெடு, 1795 சட்டம் அதற்கு மேல் இடம் தரவில்லை. ஜூலை 21-ல் புல் ரன்னில் சண்டை தொடங்கும்போது ஒரு பென்சில்வேனியா ரெஜிமென்ட்டும் ஒரு நியூயார்க் பீரங்கிப் பிரிவும் கெடு முடிந்தது என்று வீட்டைப் பார்த்து நடந்தன, எதிரியின் பீரங்கிச் சத்தம் காதில் விழ விழ.

இனி சீட்டு. 1898-ல் ஸ்பெயினோடு போரிடக் கியூபாவுக்குப் படை கிளம்பிய ஃப்ளோரிடாவின் டாம்பா ஊரைப் பற்றி அந்த ஞாயிறு கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. நவீன அமெரிக்கப் படை பிறந்த இடம் அதுதான் என்பேன். நகரத்திலிருந்து துறைமுகம் 9 மைல், நடுவில் ஒற்றைத் தண்டவாளம். சரக்கு முந்நூறு வேகனுக்கு மேல் வந்து நின்றது. எந்த வேகனில் என்ன என்று சொல்லும் ரசீதும் பட்டியலும் வந்து சேரவில்லை. அதிகாரிகள் முத்திரையை உடைத்து வேகன் வேகனாக ஏறித் தேடினார்கள். உள்ளே துணியா, தானியமா, பலூன் சாமானா, சேணமா, தோட்டாவா என்று திறந்தால்தான் தெரியும். பெரிய பீரங்கி ஒரு வேகனில், அதன் குண்டு எங்கேயோ ஒரு வேகனில். 15 வேகன் சீருடை 25 மைல் தள்ளி ஒதுக்குப் பாதையில் வாரக்கணக்கில் கிடந்தது, துணியில்லாமல் ஆட்கள் தவித்தார்கள். 5,000 துப்பாக்கி ஒருநாள் தற்செயலாகக் கண்ணில் பட்டது. இவ்வளவையும் எழுதியவர் தலைமைத் தளபதி ஜெனரல் மைல்ஸ், போர்த்துறைச் செயலருக்கு. கப்பலிலும் அதே கூத்து. ஒரே கப்பலை மூன்று ரெஜிமென்ட்டுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பிற்பாடு ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஆட்கள் முந்திக்கொண்டு ஏறிவிட்டார்கள், ஆனால் குதிரைகளுக்கு இடமில்லை. குதிரைப்படை என்று பெயர், கியூபாவில் பெரும்பாலோர் நடந்தார்கள்.

அந்தப் போரில் குண்டு பட்டுச் செத்தவர்கள் நானூறுக்கும் குறைவு. நோயில் செத்தவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல், பெரும்பாலும் சொந்த நாட்டு முகாம்களில், டைஃபாய்டில். ராணுவ மருத்துவர் வால்டர் ரீட் தலைமையிலான குழு காரணம் தேடியபோது, மலக்குழியில் தூவிய வெள்ளைச் சுண்ணாம்பு சாப்பாட்டுக் கூடத்து ஈக்களின் காலில் ஒட்டியிருந்தது.

இந்த அவமானத்துக்குப் பிறகுதான் சீர்திருத்தம் வந்தது. போர்த்துறைச் செயலர் எலிஹு ரூட் ஒரு வக்கீல், ராணுவத்தில் இருந்தவர் இல்லை. அதுவரை உணவு, ஆயுதம், போக்குவரத்து என்று ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தனித்தனி ஜமீன், தளபதி சொன்னால் கேட்க வேண்டியதில்லை. 1903-ல் எல்லாவற்றுக்கும் மேலே திட்டமிடும் தலைமை அலுவலகம் ஒன்று வந்தது. அதே வருஷம் ஊர்ப்படையை நேஷனல் கார்டாக ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்கள். 1916 சட்டம் அவர்களுக்கு வருஷத்துக்கு 48 பயிற்சி, 15 நாள் முகாம் என்று வைத்தது. இன்றும் அதே கணக்குதான்: ஒரு வார இறுதிக்கு 4 பயிற்சி, 12 மாதத்துக்கு 48.

முதல் உலகப்போருக்கு 40 லட்சம் பேரைத் திரட்டியது பெரிய சாதனைதான். ஆனால் அவர்கள் பிரான்சில் சுட்ட பீரங்கிகளில் பெரும்பாலானவை பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்தவை. போர் முடிந்தது, மறுபடி கலைப்பு. 1939-ல் தரைப்படை 2 லட்சத்தைத் தொடவில்லை. 1940-ல் கட்டாயமாக எடுத்த ஆட்களுக்குக் கெடு 12 மாதம். அது முடியும் சமயம் கூடாரச் சுவர்களில் 'ஓஹியோ' என்று எழுதத் தொடங்கினார்கள். மாநிலத்தின் பெயர் இல்லை, 'அக்டோபரில் கம்பி நீட்டிவிடுவோம்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். 1941 ஆகஸ்ட் 12-ல் கெடுவை நீட்டும் மசோதா 203-க்கு 202 என்று ஒரே ஓட்டில் தப்பியது. நான்கு மாதம் முடிவதற்குள் பேர்ல் ஹார்பர். 1945-ல் தரைப்படை, அப்போது அதற்குள் இருந்த விமானப்படையையும் சேர்த்து, 80 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அட்டவணைக்காரர்களுக்கு இந்த எண் மட்டும் கண்ணில் படும், அந்த ஒரு ஓட்டு படாது.

பிரான்சில் 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை ஓடிய 'ரெட் பால்' லாரி வரிசையைச் சொல்லாமல் விடக் கூடாது. உச்ச நாளில் கிட்டத்தட்ட 6,000 வண்டி, 12,000 டன்னுக்கு மேல் சரக்கு. போக ஒரு சாலை, திரும்ப வேறு சாலை. ஓட்டுநர்களில் நான்கில் மூன்று பேர் கறுப்பினத்தவர், சண்டைப் பிரிவுகளில் அவர்களுக்குப் பெரும்பாலும் கதவு சாத்தியிருந்தது. விதிப்படி வேகம் மணிக்கு 25 மைல். வேகத்தைக் கட்டும் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினார்கள். மேலே அதிகப் பாரம், கீழே தேய்ந்த டயர், நடுவில் தூங்காத ஓட்டுநர். டயர் வெடிப்பும் விபத்தும் சகஜம். பெட்ரோல் கேன்களை முன்னணியில் வீசிவிட்டு வந்ததால் அடுத்த நடைக்குக் கேன் கிடைக்கவில்லை. எரிபொருள் துறைமுகத்தில் இருந்தது, ஊற்றிக்கொண்டு போகப் பாத்திரம் இல்லை.

வியட்நாமில் கெடு வேறு உருவில் வந்தது. தரைப்படை சிப்பாய்க்கு 12 மாதம், மரைன்களுக்கு 13. பிரிவு அங்கேயே இருக்கும், ஆட்கள் மட்டும் ஒவ்வொருவராக வந்து போவார்கள். விளைவு, ஒவ்வொரு குழுவிலும் எப்போதும் ஒரு புதுமுகம், எப்போதும் நாள் எண்ணும் ஒருவன். ஆள் எடுக்க 1969 டிசம்பர் 1-ல் நடத்திய குலுக்கலிலும் சீட்டுக் கோளாறு. 366 பிறந்தநாளை நீலக் குப்பிகளில் போட்டு, மாதவாரியாக ஜனவரி முதல் பெட்டிக்குள் கொட்டினார்கள். சரியாகக் கலக்கவில்லை. கடைசியாகப் போட்ட நவம்பர், டிசம்பர் மாதத்துப் பிள்ளைகளுக்கு முன் எண்கள் அதிகம் விழுந்தன, அதாவது முதலில் போக வேண்டியவர்கள் அவர்கள்தான். தாயம் ஆடும் குழந்தைக்குக் கூடக் குலுக்கத் தெரியும். 1973-ல் கட்டாயச் சேர்ப்பு நின்று, முழுக்கச் சம்பளப் படை ஆனது.

சீட்டு மட்டும் சரியாகவில்லை. 1991 வளைகுடாப் போருக்குச் சுமார் 40,000 கன்டெய்னர் போய் இறங்கியது. அதில் பாதிக்கு மேல், உள்ளே என்ன என்று தெரியாமல் திறந்து பார்த்தார்கள். டாம்பாவில் செய்ததை அப்படியே, 93 வருஷம் கழித்து. கேட்ட பொருள் எங்கே நிற்கிறது என்று தெரியாததால் பிரிவுகள் அதையே இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்டன. குவியல் அதனால்தான் மலையானது. 2003 இராக் போருக்கு ரேடியோ டேக் மாட்டி அனுப்பினார்கள். எல்லாவற்றிலும் மாட்டவில்லை. பல பிரிவுகளின் சாமானை ஒரே பலகையில் கலந்து கட்டியிருந்ததால் குவைத்தில் பிரித்துப் பொறுக்க வேண்டியிருந்தது. அனுப்பியதாக எழுதியதற்கும் வந்ததாக எழுதியதற்கும் 120 கோடி டாலர் வித்தியாசம் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே அறிக்கை தந்தது.

அடுத்த முறை அட்டவணை போடும்போது இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஆள் எத்தனை மாதத்துக்கு, உள்ளே என்ன என்று சீட்டு உள்ள பெட்டி எத்தனை. கெடுவுக்கான கட்டத்தில் இன்றைய கணக்கையும் சேர்க்கலாம்: புதிதாகச் சேர்பவன் கையெழுத்துப் போடுவது மொத்தம் 8 வருஷத்துக்கு, சீருடையில் நாலு வருஷம் இருந்தாலும் மிச்சம் கூப்பிட்டால் வரும் பட்டியலில். இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் ஒப்பந்தம் முடிந்தவர்களையும் வெளியே விடாமல் நிறுத்தி வைத்தார்கள். அப்படி நிறுத்தப்பட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் 500 டாலர் பிற்பாடு காங்கிரஸ் சபை கொடுத்தது. வாஷிங்டன் கொடுத்த 10 டாலர் இருக்க ஒப்புக்கொண்டவனுக்கு. இந்த 500, கேட்காமலே இருக்க வைக்கப்பட்டவனுக்கு.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்